பழைய பிக்கப் வண்டியின் மைலேஜ் எங்கே போயிற்று

என்னிடம் இருக்கும் பிக்கப் வண்டி 1998ஆம் ஆண்டில் தயாரானது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொடப்போகும் ஓடோமீட்டர். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டின்படி பல ஆண்டுகளாக லிட்டருக்கு 9.2 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, ஏறத்தாழ ஓராண்டுக்குள் 6.6 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் அன்றே திடுக்கிட்டு விழித்திருப்பேன். டேங்குக்கு டேங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால், பழைய வண்டி என்றால் இப்படித்தான் குடிக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு பல மாதங்களை ஓட்டிவிட்டேன்.

ஒருவழியாக ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். மைலேஜ் அசையவில்லை. ஸ்பார்க் பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். அப்போதும் அதே 6.6. மூன்றாவது முறை போனபோது, நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று அதிகமாக இருக்கிறது, கியர்பாக்ஸ் வழுக்குகிறது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவு அந்த வண்டியின் மதிப்பையே நெருங்கும். அங்கேதான் நின்று யோசித்தேன். அதுவரை நாங்கள் செய்த எந்த வேலைக்கும் முன்னால் ஒரு அளவுகூட எடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பாகமும் ஊகத்தின் பேரில் கழற்றப்பட்டது, ஊகத்தின் பேரில் மாட்டப்பட்டது.

அதனால் முதலிலிருந்து தொடங்கினேன். மைலேஜ் குறைவதற்கு அடிப்படையில் இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, ஒரே அளவு வேலைக்கு இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோலை எரிக்கிறது. இரண்டு, இன்ஜின் ஒழுங்காகவே இருக்கிறது, ஆனால் வண்டி முன்பைவிட அதிக வேலையைக் கேட்கிறது. முதலாவது வகையில் கலவை, பற்றவைப்பு, வெப்பநிலை, சென்சார்கள் எல்லாம் வருகின்றன. இரண்டாவது வகையில் பிரேக், டயர், பேரிங், பாரம், வேகம் ஆகியவை வருகின்றன. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் பாகம் வாங்குவது வீண். ஆனால் இதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: 6.6 என்ற எண்ணே சரியானதுதானா?

சரியில்லை என்பது தெரிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மைலேஜ் விழத் தொடங்கிய அதே காலத்தில்தான் டயர்களை மாற்றியிருந்தேன். வண்டியோடு வந்த அளவு 235/75 ஆர் 15. அதன் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. அதற்குப் பதிலாக, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று, 31 அங்குல டயர்களைப் போட்டேன். விட்டம் 787 மி.மீ. வித்தியாசம் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். ஓடோமீட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் அது கணக்கில் ஏறாது. கைப்பேசியின் ஜிபிஎஸ் 100 கிலோமீட்டர் காட்டிய இடத்தில் என் ஓடோமீட்டர் 93 காட்டியது. அப்படியானால் உண்மையான மைலேஜ் 6.6 அல்ல, 7.1. என் இழப்பில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை.

இதன் மறுபக்கம் அவ்வளவு இனிமையாக இல்லை. ஸ்பீடோமீட்டரும் அதே சுற்றைத்தான் எண்ணுகிறது. முள் 90ல் நிற்கும்போது நான் உண்மையில் 96 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 90க்கும் 96க்கும் இடையிலான சிறு வித்தியாசத்திலேயே எதிர்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடிவிடுகிறது. பிக்கப் வண்டியின் முகம் உயரமும் அகலமுமாகச் சுவர்போல இருப்பது. காற்றைக் கிழித்துப்போகும் வடிவம் அதற்கு இல்லை. வேகம் கூட்டுவதன் தண்டனை சிறிய காரைவிட இதற்கு அதிகம். அந்த ஓராண்டு முழுவதும் எனக்குத் தெரியாமலே நான் முன்பைவிட வேகமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்ரோல் நிரப்பும் முறையிலும் பிழை நுழையும். பம்ப் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் கொசுறாக ஊற்றினால் ஒரு முறை ஒரு லிட்டர், இன்னொரு முறை இரண்டு லிட்டர் என்று கணக்கு தடுமாறும். 60 லிட்டர் டேங்கில் இரண்டு லிட்டர் என்பது 3 சதவீதத்துக்கும் மேல். கழுத்துவரை ஊற்றும் பழக்கத்துக்கு வேறொரு கெடுதலும் உண்டு: ஆவியை உறிஞ்சிவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் திரவமாகவே போய்ச் சேர்ந்து அதை நனைத்துவிடும். நனைந்த பெட்டியிலிருந்து வரும் ஆவி, கலவையைக் கெடுக்கும். எனவே ஒரே பம்ப், ஒரே பக்கச் சாய்வு, முதல் நிறுத்தத்தோடு சரி என்று வைத்துக்கொண்டேன். ஒரு டேங்கை வைத்து எந்த முடிவுக்கும் வரவில்லை. மூன்று டேங்குகளின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்துத்தான் எழுதினேன்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது பேசுவதற்கு வசதியான அளவு. குறை தேடுவதற்கு அது உதவாது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால்தான் ஒவ்வொரு குறையும் எத்தனை லிட்டரைத் தின்கிறது என்று கூட்டிக் கழிக்க முடியும். பழைய 9.2 என்பது 100 கிலோமீட்டருக்கு 10.9 லிட்டர். இப்போதைய 7.1 என்பது 14.1 லிட்டர். ஆக, நான் தேட வேண்டியது 3.2 லிட்டர். அது தெரிந்ததும் மனம் தெளிவாகிவிட்டது. எங்கோ ஒரு மர்மமான நோய் என்று அஞ்சுவதைவிட, 3.2 லிட்டர் எங்கெங்கே போகிறது என்று கேட்பது எளிது.

இன்ஜினா, வண்டியா என்ற கேள்விக்கு விடை சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. போக்குவரத்தே இல்லாத, சமமான, நேரான சாலை ஒன்று போதும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சற்று மேலே போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வேகம் 60லிருந்து 20க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குறிக்க வேண்டும். இன்ஜினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது; அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். சாலையின் சிறு சரிவும் காற்றும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். என் வண்டிக்குச் சராசரி 36 வினாடி வந்தது. ஒப்பிட என்னிடம் பழைய எண் எதுவும் இல்லை. ஆனால் நியூட்ரலில் போகும்போது வண்டி உருண்டு போவதுபோல இல்லை. மணலில் போவதுபோல ஒரு தயக்கம் இருந்தது. பல ஆண்டுகள் ஒரே வண்டியை ஓட்டியவருக்கு அந்தத் தயக்கம் இருக்கையிலேயே தெரியும்.

அன்று மாலையே சக்கரங்களைப் பார்த்தேன். பிரேக்கை முடிந்தவரை தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தானாகவே வேகம் தணிந்து நிற்கும்படி நிறுத்தி, இறங்கியவுடன் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அளந்தேன். மூன்று சக்கரங்கள் 40லிருந்து 48 டிகிரிக்குள் இருந்தன. முன்பக்க இடது சக்கரம் 130 டிகிரி காட்டியது. கையை அருகில் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. சூடான பிரேக் பேடின் கருகல் வாடையும் லேசாக வந்தது. இதை மோந்து பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. வெப்பமானி இல்லாதவர்கள் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும். நல்ல சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சில சுற்றாவது போகும். என் இடது சக்கரம் கையை எடுத்ததும் நின்றது.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லோரும் உடனே பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரைக் குற்றம் சொல்வார்கள். கேலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகுவது அடிக்கடி நடப்பதுதான்; நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பின்களைக் கழற்றினேன், வழுக்கிக்கொண்டு வந்தன. அப்புறம் ஒரு எளிய சோதனை. சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிப்பரின் காற்று வெளியேற்றும் நிப்பிளைச் சற்றுத் திறந்தேன். பிரேக் ஆயில் ஒரு சிறு பீறலாக வெளியே வந்தது. அந்தக் கணமே சக்கரம் விடுபட்டுச் சுற்றியது. அப்படியானால் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகவில்லை, அதற்குப் பின்னால் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. அழுத்தம் சிறைப்படக் காரணம், உலோகக் குழாயிலிருந்து கேலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். மிதி அழுத்தும்போது பெரிய அழுத்தத்தில் ஆயில் உள்ளே தள்ளப்பட்டுப் போய்விடுகிறது. மிதியை விட்டபின் திரும்பி வருவதற்கு அவ்வளவு விசை இல்லை, வழி அடைத்துக்கொள்கிறது.

ஹோஸை மாற்றியபின் பழையதைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. கழுவித் துடைத்தால் புதியது என்றே சொல்லலாம். உள்ளே, சுவரின் உட்படலம் உரிந்து, ஒரு நாக்குபோலத் துளைக்குள் மடிந்து கிடந்தது. விரலால் ஒரு பக்கம் தள்ளினால் படிந்தது. மறுபக்கம் தள்ளினால் எழுந்து துளையை மூடியது. ஒரு வழியில் மட்டும் திறக்கும் கதவு அது. வெளியிலிருந்து பார்த்து இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இருபக்க ஹோஸ்களும் ஒரே வயதுதானே என்று இரண்டையும் மாற்றினேன். பிரேக் விஷயத்தில் ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்று விடுவது சரியல்ல. ஆயிலை முழுவதுமாக மாற்றி, காற்றை எடுத்து, வேகமாக ஓட்டுவதற்கு முன் மெதுவான சாலையில் பலமுறை பிடித்துப் பார்த்தேன். பிரேக் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தைத் தகுந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

மறுபடியும் அதே சாலை, அதே சோதனை. 36 வினாடி 44 வினாடியாக ஆனது. அடுத்த மூன்று டேங்குகளின் சராசரி 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர். 1.1 லிட்டர் திரும்பி வந்துவிட்டது. ஒரு சக்கரத்தின் உரசல் இவ்வளவு குடிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்குதான் சக்கரத்தை அடைகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். சக்கரத்தில் ஒரு பங்கு வீணானால், அதை ஈடுசெய்ய டேங்கிலிருந்து மூன்று நான்கு பங்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

வண்டியின் பக்கம் முடிந்தது. இனி இன்ஜின். 1996க்குப் பிந்தைய பல வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்க உதவும் ஓபிடி இரண்டாம் தலைமுறை இணைப்பு இருக்கும். அதில் மாட்டும் எளிய ஸ்கேன் கருவி, மாற்றிய ஆக்சிஜன் சென்சாரைவிட மலிவு. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் ஸ்கேன் செய்ய ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். விளக்கு எரிவது ஒரு அளவு வரம்பைத் தாண்டியபோது மட்டும்தான். வரம்புக்குள் தள்ளாடிக்கொண்டிருக்கும் சென்சார்கள் நேரலை எண்களில்தான் சிக்கும்.

முதலில் எரிபொருள் திருத்த எண்ணைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி பெட்ரோலைத் தெளிக்கிறது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துக் கூடுதலா குறைவா என்று சொல்கிறது, அதற்கேற்பக் கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்துகிறது. இலக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம். திருத்தம் கூட்டலில் வந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது; கழித்தலில் வந்தால் எங்கோ மிகையாக வரும் பெட்ரோலைக் குறைக்கப் பார்க்கிறது. நீண்டகாலத் திருத்தம் மைனஸ் 15, மைனஸ் 20 சதவீதம் என்று நின்றால் கசியும் இன்ஜெக்டர், மிகையான எரிபொருள் அழுத்தம், நனைந்த கரிப்பெட்டி என்று தேட வேண்டும். எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் (வெற்றிட) ஹோஸைக் கழற்றி மோந்து பார்ப்பது இதில் எளிய சோதனை. அந்த ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. என் வண்டியில் அது காய்ந்துதான் இருந்தது.

கூட்டல் பக்கம்தான் ஆட்களை ஏமாற்றுவது. பிளஸ் 15 என்று வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்கிறது என்று அதை மாற்றிவிடுகிறார்கள். சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அதன் முன்னால் இருக்கும் காட்சிதான் பொய். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டில் சிறு விரிசல் இருந்தால் புகைக்குழாய்க்குள் வெளிக்காற்று உறிஞ்சப்படும். சென்சார் அந்தக் காற்றையும் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கும். கம்ப்யூட்டர் தேவையே இல்லாத பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஒரு சிலிண்டர் பற்றாமல் போனாலும் இதே கதைதான்: எரியாத காற்று அப்படியே வெளியே வரும், சென்சாருக்கு அது ஆக்சிஜனாகத்தான் தெரியும், பெட்ரோலாகத் தெரியாது. என் வண்டியின் பழைய சென்சாரை நான் தூக்கி எறியவில்லை. திரும்ப மாட்டிப் பார்த்தேன். இன்ஜின் சூடானபின் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது. நல்ல சென்சார் செய்வது அதைத்தான். அதை மாற்றியதற்கு ஒரு காரணமும் இருந்திருக்கவில்லை.

என் திருத்த எண்கள் பிளஸ் 2க்கும் பிளஸ் 6க்கும் இடையில் நின்றன. கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே திரையில் இன்னொரு எண் கண்ணில் பட்டது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியபின்னும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலை 58 டிகிரி. ஊருக்குள் நெரிசலில் நின்றால் 76 வரை ஏறியது, மறுபடி வேகமெடுத்தால் 58க்கு இறங்கியது. இந்த இன்ஜின் 90 டிகிரியை ஒட்டி ஓட வேண்டியது. டாஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டிருந்ததை நான் தினமும் பார்த்தேன். சூடேறினால்தான் ஆபத்து, குளிர்ந்திருந்தால் நல்லதுதான் என்ற எண்ணத்தில் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சென்சார் பொய் சொல்கிறதா, இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். இரண்டு வழிகளில் பார்த்தேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இருந்தன. பிறகு ஓட்டிவிட்டு வந்து, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் மூடியின்மேல் வெப்பமானியை வைத்தேன். அதுவும் 60ஐ ஒட்டித்தான் காட்டியது. சென்சார் நேர்மையானது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிந்தைய வண்டிகளில் இதைக் கண்காணித்து பி0128 என்ற குறியீட்டைக் கம்ப்யூட்டரே கொடுக்கும். என் வண்டி வாயைத் திறக்கவில்லை.

குளிர்ந்த இன்ஜின் ஏன் அதிகம் குடிக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கியர்பாக்ஸ் புதிரும் இதில்தான் அவிழ்ந்தது. குளிர்ந்த சுவர்களில் பெட்ரோல் ஆவியாகாமல் படியும். அதனால் இன்ஜின் சூடாகும்வரை கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கலவையைச் செறிவாக்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கொடுக்கும் கூடுதல் தெளிப்பும் குளிரில் பெரிதாக இருக்கும். என் இன்ஜின் ஒருபோதும் சூடாகி முடிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது நாள் முழுவதும் காலை நேரத்து வண்டி. ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். இவற்றோடு, பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கூலண்ட் குறிப்பிட்ட வெப்பத்தை அடையும்வரை டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் பிடிக்கவே பிடிக்காது. டார்க் கன்வர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் ஆயில் வழியாக விசையைக் கடத்துவது. ஆயில் வழியாகக் கடத்தும்போது ஓரளவு வழுக்கல் இருந்தே தீரும். நெடுஞ்சாலையில் அந்த வழுக்கலை ஒழிக்கத்தான் லாக்கப் கிளட்ச் இருக்கிறது. அது பிடிக்காததால்தான் என் இன்ஜின் சுற்று அதிகமாக இருந்தது. கியர்பாக்ஸ் கெட்டுப்போகவில்லை, அது தனக்கு இடப்பட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, இன்ஜின் சூடாகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

இன்ஜின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலண்டை வடித்து, தெர்மோஸ்டாட்டை எடுத்தேன். சூடான நிலையில் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. வெளியே வந்த தெர்மோஸ்டாட் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் தட்டு. நடுவில் ஸ்பிரிங், அதன் மேல் வால்வு. அறை வெப்பத்திலேயே வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடைவெளியில் ஒரு தீக்குச்சியை நுழைத்தேன், தடையில்லாமல் போனது. புதியதை மாட்டுவதற்கு முன் அதையும் பழையதையும் ஒரே பாத்திரத்து நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தேன். 80 டிகிரி வரை புதியதன் வால்வு இறுக மூடியிருந்தது. 88 டிகிரியில் ஒரு நூலிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. நீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட்டது. பழையது தொடக்கத்திலிருந்தே திறந்திருந்த வாயோடு அப்படியே கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது, மாற்றப்பட்ட அத்தனை பாகங்களையும்விட விலை குறைந்த பாகம் இதுதான் என்ற எண்ணம் வராமல் இல்லை.

மாட்டும்போது காற்று வெளியேறும் சிறு துளை மேல்பக்கம் இருக்கும்படி வைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும்வரை பொறுமையாகக் கூலண்ட் நிரப்பினேன். மறுநாள் ஓட்டினேன். பத்து நிமிடத்துக்குள் 89 டிகிரி, பிறகு 89க்கும் 93க்கும் இடையில். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் நிலைத்தபோது, இன்னொரு கியர் விழுந்ததுபோல டேக்கோமீட்டர் முள் மெதுவாக 250 சுற்று கீழே இறங்கியது. ஆக்சிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டேன். முள் மேலே ஏறியது. விட்டதும் சற்று நேரத்தில் இறங்கியது. லாக்கப் பிடிக்கிறது, பிரேக்கைத் தொட்டால் விடுகிறது. அந்த முள் இறங்குவதைப் பார்க்க ஓராண்டு ஆகியிருந்தது. அன்று வீட்டுக்குப் போகாமல் இன்னும் இருபது கிலோமீட்டர் சும்மாவே ஓட்டினேன்.

மூன்று டேங்குகளுக்குப் பின் 11.6 லிட்டர். தெர்மோஸ்டாட் தின்றது 1.4 லிட்டர்.

இடையில் பார்த்துவிட்டுத் தள்ளிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்தும் உண்மை. இன்ஜெக்டர் உள்ள வண்டியில் உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்பத்தான் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. காற்று குறைந்தால் இழுவை குறையுமே தவிர கலவை செறிவாகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் செய்த சோதனைகளும் இதையே காட்டின. ஃபில்டரை மாற்றுவது இன்ஜினைத் தூசியிலிருந்து காக்க, மைலேஜுக்காக அல்ல. டயர் காற்றழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் ஏறத்தாழ 0.2 சதவீதம் மட்டுமே எடுக்கும். ஆனாலும் பெரிய டயரில் பத்து பிஎஸ்ஐ குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று எளிதாகப் போகும் என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதவு மூடியிருந்தால், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றைக் கதவைத் தாண்டி வழுக்கி அனுப்புகிறது. கதவை இறக்கினால் அந்தச் சுழல் கலைந்துவிடும். மூடியே வையுங்கள். தொட்டியில் மறந்துபோய்க் கிடந்த இரும்புச் சாமான்களை இறக்கினேன். 45 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்பது சாதாரணக் காருக்கான கணக்கு, கனமான பிக்கப்புக்கு அதைவிடக் குறைவு. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் 3 சதவீதம் அளவுக்குக் குறைவு. மைலேஜ் விழுந்த காலத்தில் உங்கள் பம்பில் கலவை மாறியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் அந்தப் பங்கை வண்டியின் கணக்கில் எழுதக் கூடாது.

புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி அடைத்திருக்கிறதா என்று, இன்ஜினின் உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்கம் மீட்டரால் பார்த்தேன். சும்மா ஓடும்போது 18 அங்குலப் பாதரச அளவு இருந்தது. 2,500 சுற்றில் பிடித்து வைத்தபோது அது இறங்கிக்கொண்டே போகவில்லை, நிலையாக நின்றது. இறங்கிக்கொண்டே போயிருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் முட்டுகிறது என்று பொருள். கழற்றிய பழைய பிளக்குகளின் முனைகளும் வெளிர் பழுப்பு நிறத்தில்தான் இருந்தன. கரி பிடித்துக் கறுத்த முனை செறிவான கலவையின் அடையாளம். ஓராண்டு செறிவாக ஓடிய இன்ஜினில் ஏன் அப்படி இல்லை என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. கழற்றுவதற்கு முன் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டிப் போயிருந்தேன். அந்த ஓட்டத்தில் கரி எரிந்துபோயிருக்கும். பிளக்கின் நிறம் கடைசி அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசும், கடந்த ஓராண்டைப் பற்றி அல்ல.

அதன்பின் ஸ்பீடோமீட்டர் 84 காட்டும்படி ஓட்டப் பழகினேன். அதுதான் உண்மையான 90. அதனால் 11.6 லிட்டர் 11.2 ஆனது. பழைய 10.9க்கு இன்னும் 0.3 லிட்டர் பாக்கி. அதில் பெரும்பகுதி அந்த அகன்ற, கனமான டயர்களுக்கே சேரும் என்பது என் கணிப்பு. அவை தேயும்போது பழைய அளவுக்கே திரும்பப் போகிறேன். மீதி எங்கே என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. காலையில் முதல் முறை கிளப்பும்போது வலது பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. இரண்டு நிமிடத்தில், உலோகம் சூடாகி விரிந்ததும், நின்றுவிடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் திருத்த எண் பிளஸ் 6ல் இருக்கிறது, சத்தம் நின்றதும் பிளஸ் 2க்கு இறங்குகிறது. விளக்கை அடித்துப் பார்த்தபோது வலது மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுக்குத் தலையே இல்லை. உடைந்த துண்டு சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கிறது, அதைச் சுற்றி கறுப்பாகப் புகை படிந்திருக்கிறது. துரு இளக எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்கப் பார்க்க வேண்டும்.